முன்னே செல்லும் துடைப்பம்

கண்ணுக்குப் புலப்படாக் கனலைக் கண்டறிந்து காத்த காவலே! நீரைப் பிளந்து எரிபொருள் எடுக்கும் நெடிய முயற்சியில் நித்தமும் எங்களுக்கு முன்னே நடந்த நேர்மையே! அரசின் தூய ஹைட்ரஜன் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய நாள்தொட்டு அதன் பாதுகாப்பைத் தன் பொறுப்பாகவும், எங்கள் உயிரைத் தன் உடைமையாகவும் எண்ணி உழைத்து, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் தலைமைப் பாதுகாப்புப் பொறியாளர் அம்மா அவர்களே! வணங்கி மகிழ்கிறோம்.

முதலில் ஒரு வேண்டுகோள். கொஞ்ச நேரம் உட்காருங்கள். இந்த மடலைச் சட்டமிடக் கொடுத்தபோதே எங்களுக்குத் தெரியும், முதல் பத்தி முடிவதற்குள் தாங்கள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவீர்கள், அடுத்த பத்தியில் கதவைப் பார்ப்பீர்கள் என்று. காலில் சக்கரம் கட்டிக்கொண்டவர் தாங்கள். கூட்டம் என்றால் சுவரோரம் நிற்பீர்கள். தேநீரை நின்றபடி வாங்கி, பாதி குடித்து, எங்கேயோ வைத்துவிட்டுப் போய்விடுவீர்கள். தங்களைத் தேடி வருபவர்களுக்கு, "இப்பதான் இங்க இருந்தாங்க" என்பதே எங்கள் அலுவலகத்தின் மாறாத பதில். தங்கள் கணவரிடம் கேட்டோம். "அவ உட்கார்ந்து நான் பார்த்தது கல்யாணத்தன்னிக்குத்தான். அப்பவும் நடுவுல எழுந்து போய் சமையல்கட்டுல சிலிண்டரைப் பார்த்துட்டு வந்தா" என்றார். இரண்டாம் வரிசையில் அவர் தலையாட்டிக்கொண்டிருப்பார் என்று நம்புகிறோம்.

இன்று தங்களுக்கு இருப்புக் கொள்ளாததற்குக் காரணம் உண்டு. எங்களுக்கும் கொள்ளவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அரசின் மதிப்பீட்டுக் குழுவினரை வருக வருக என்று வரவேற்கிறோம். அவர்கள் இந்த விழாவுக்காக வரவில்லை என்பது ஊரறிந்த ரகசியம். விழா முடிந்ததும் அவர்கள் சோதனைக்கூடத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள். இரண்டாம் கட்ட நிதியைத் தருவதா, கூடத்தைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொள்வதா என்பது அதற்குப் பிறகு முடிவாகும். தங்கள் பணிக்காலமோ இன்று மதியத்தோடு முடிந்துவிட்டது. நுழைவு அட்டையைக் காலையிலேயே வாங்கிக்கொண்டோம்.

அவையில் புதியவர்களுக்காக ஒரு செய்தி. ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. கசிந்து பற்றிக்கொண்டாலும் பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது, புகையும் வராது. அதனால்தான் அம்மா அவர்கள், நீளக் கம்பில் கட்டிய சாதாரண வீட்டுத் துடைப்பத்தை முன்னே நீட்டியபடி ஒவ்வொரு நாளும் குழாய்களின் ஓரமாக நடப்பார்கள். நுனி பற்றினால் அங்கே நெருப்பு. நெருப்பைக் கண்டறியச் சுவரில் உணர்கருவிகள் இருக்கின்றன. "அது பார்க்கிற பக்கத்தத்தான் அது பார்க்கும்" என்பது அவர்கள் வாதம். "துடைப்பக்கார அம்மா" என்று நாங்கள் வைத்த பட்டப்பெயர் அவர்கள் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

போன முறை இதே குழு வந்த நாளை மறக்க முடியுமா! வண்ணம் பூசி, தரை கழுவி, பெயர்ப்பலகை மாட்டி, மாப்பிள்ளை வீட்டாரை எதிர்பார்ப்பதுபோல் காத்திருந்தோம். தாங்கள் துடைப்பத்தோடு வந்து நின்றீர்கள். இயக்குநர் ஐயாவுக்கு வியர்த்துவிட்டது.

"அம்மா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அத உள்ள வச்சிருங்களேன். வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

"நெருப்புக்கு இன்னிக்கு லீவு இல்லையே சார்" என்றீர்கள்.

குழுவுக்கு முன்னால் துடைப்பமும், அதற்குப் பின்னால் தாங்களும், அதற்குப் பின்னால் சிரிப்பை அடக்கிய பெரியவர்களுமாக ஊர்வலம் போயிற்று. அழுத்தக் கலன்களைத் தாண்டி, குழாய் வளையும் இடத்தில் துடைப்பத்தின் நுனி ஒன்றுமில்லாத வெளியில் சட்டென்று பற்றி எரிந்தது. சுவர்க்கருவி குழாயின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

குழுவின் தலைவர் எட்டிப் பார்த்தார். "எங்க எரியுது? ஒண்ணும் தெரியலையே."

"தெரியாமத்தான் எரியும் சார். எல்லாரும் வெளிய போங்க. இப்பவே."

வாயு வரும் குழாயின் வால்வை மூடினீர்கள், மின்சாரத்தை நிறுத்தினீர்கள், அரசின் உயர் அதிகாரிகளை உச்சி வெயிலில் நிற்க வைத்தீர்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் நிதி நின்றுபோனது. கோப்பு மேலும் பரிசீலனைக்கு என்று ஏதோ ஓர் அலமாரிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. ஒப்பந்தத்தில் இருந்த இளம் ஆய்வாளர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போனார்கள். தங்களிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவர்களும் இங்கே உண்டு. தாங்கள் ஓடிக்கொண்டே இருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

ஓடியது அரசு அலுவலகத்துக்கு. அங்கேயும் உட்காரவில்லை என்று உடன் வந்த கணக்கர் சொன்னார். நிதித்துறை அதிகாரி நாற்காலியைக் காட்டி, "நெருப்புப் பிடிக்கிற திட்டத்துக்கு மக்கள் பணத்தக் குடுத்தீங்களான்னு நாளைக்கு எங்களத்தானே கேட்பாங்க?" என்றாராம்.

"மறைச்சிருந்தா கேட்பாங்க சார். நாங்க நிறுத்திக் காட்டினோம். புதுசா ஒரு ஆராய்ச்சின்னா முதல்ல கசியத்தான் செய்யும். பெரிய சோதனை மேடை கட்டக் குடுக்க வேணாம். அந்தக் கசிவக் கத்துக்கிறதுக்குக் குடுங்க" என்றீர்கள்.

நல்ல இணைப்புகளுக்கும் கூடுதல் கருவிகளுக்கும் போதுமான ஒரு சிறு தொகை வந்தது. குழு மறுபடி வர ஒப்புக்கொண்டது. அது தங்கள் கடைசி நாளாக அமைந்ததுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. தங்கள் இடத்துக்கு ஆளை நியமிக்க இன்னும் ஆணை வரவில்லை. அடுத்த மாதம் என்கிறார்கள்; எந்த ஆண்டின் அடுத்த மாதம் என்று கேட்க எங்களுக்குத் துணிவில்லை.

நலம் குன்றாது, நடை தளராது, நெடுங்காலம் தாங்கள் வாழ வேண்டும். அதில் கொஞ்ச காலமாவது உட்கார்ந்து, சூடு ஆறாத தேநீரை முழுக் கோப்பையும் குடித்து வாழ வேண்டும்.

நினைவுப் பரிசு எங்கே என்று தங்கள் மகள் காலையில் கேட்டார். சால்வையும் சங்கிலியும் தங்களுக்குப் பிடிக்காது. எனவே ஒரு வாக்கைத் தருகிறோம். முன்வரிசையில் இருப்பவர்கள் காதில் விழட்டும் என்றே இதை மேடையில் படிக்கிறோம்.

கதவோரம் பாருங்கள். அங்கே துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் இயக்குநர் ஐயா. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். இன்று குழுவுக்கு முன்னால் அவர் நடப்பார். வாழ்க்கையில் முதல் முறையாகத் தாங்கள், விருந்தினராக, பின்னால் நடந்து வாருங்கள். நுனி பற்றாவிட்டால் நிதி வரலாம். பற்றினால் நிறுத்துவோம். நிதி போனாலும் நிறுத்துவோம். அதற்குத் தாங்கள் இங்கே இருக்க வேண்டியதில்லை.

சொல்லி முடித்துவிட்டோம், அம்மா. இனி எழுந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்களுக்குப் பின்னால் நடந்து உயிரோடு இருக்கும்
நிலையப் பணியாளர்கள்