வெள்ளைக்காரன் விற்ற கார்

நோர்பரியில் ஏறிய பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் யாழ்ப்பாணத்துக்காரர் இருவர். மூத்தவர் சொன்னார்:

“தம்பி, என்ர காருக்குக் கண்ணூறு பட்டிட்டுது.”

“எந்தக் கார் அண்ணை?”

“பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் வித்தது. அவன் பதினொரு வருசம் ஓடினவன், ஒருநாளும் பொலிஸ் மறிக்கேல்லையாம். நான் வாங்கி மூண்டு கிழமை, அஞ்சுதரம் மறிச்சுப்போட்டாங்கள். ஷிப்டுக்குப் பிந்திப் பிந்தி வேலையிலை வார்னிங்கும் தந்திட்டாங்கள். அதுதான் இப்ப பஸ்.”

“ஏன் மறிச்சவங்களாம்?”

“களவெடுத்த காரோ எண்டு பாக்கவாம்.”

“கோயிலிலை பூசை செய்யேல்லையே?”

“செய்தனான். நாலு சில்லுக்குக் கீழையும் தேசிக்காய் வைச்சு நசிச்சனான்.”

இளையவர் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

“அங்கைதான் பிழை அண்ணை. காருக்கு ஒண்டுமில்லை. தேசிக்காயை உங்கட முகத்துக்கெல்லோ சுத்தியிருக்கவேணும்!”