பத்தொன்பது வேதசாட்சிகள்

அப்போது மணி என்ன என்று கேட்காதீர்கள். அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. கோயில் மணி அடித்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. நிலா மேற்கே சாய்ந்திருந்தது, நரிகள் அடங்கிவிட்டன... அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆற்றுக்குப் போகும் வண்டிப்பாதை. இரண்டு பக்கமும் சதுப்பு. அதில் ஒரே ஒருவன், ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறான். வண்டியில் ஒரு பெட்டி. பெட்டியில் அவன் பெண்டாட்டி.

நெருப்பில் இன்னொரு கட்டையைப் போடு, கோத்தியே. இந்தப் பனி விடிவதற்குள் நிற்காது. கழுதைகளும் நகராது.

அவன் பெயர் இத்தியே. கரி சுடுகிறவன். என் கூட்டாளி பேய்ரோவுக்குச் சொந்த மச்சான். பொய் சொல்லத் தெரியாத ஆள் என்று பேய்ரோ சொல்வான். அது தவறு. வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் சொன்னான். அதற்கு வருகிறேன்.

அந்த நாட்டுக்கு ஆயர் பூட்டுப் போட்டிருந்தார். எதற்கு என்று சொன்னால் சிரிப்பீர்கள். புதுப் பாலத்தை மந்திரிக்க வந்த ஆயர்தான் முதலில் கடக்க வேண்டும் என்று ஏற்பாடு. பாதிப் பாலத்தில் ஆயரின் கோவேறு கழுதை நின்று, நிதானமாக, ஒன்றுக்குப் போக ஆரம்பித்தது. ஆயர் ஆசீர்வதிக்கத் தூக்கிய கையைத் தூக்கியபடியே காத்திருந்தார். பின்னால் வந்த, அந்த நாட்டை ஆளும் பிரபுவின் குதிரைக்கு அவ்வளவு பக்தி இல்லை. விலகி நடந்து அக்கரையைத் தொட்டுவிட்டது.

அவ்வளவுதான். திருச்சபையின் மானம் போயிற்று. கடிதம் போனது, பதில் வந்தது, பதிலில் மரியாதை குறைந்தது. பிரபுவின் நாடு முழுவதும் மணி நாக்குகளைக் கட்டினார்கள். கோயில் கதவுகளில் முள் அடைத்தார்கள். பூசை கிடையாது, கலியாணம் கிடையாது, செத்தால் புதைக்க மந்திரித்த மண் கிடையாது. பிரபுவுக்கு மட்டும் கோட்டைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் பூசை காண அனுமதி இருந்தது. பெரிய இடத்துச் சண்டை. தீரும்வரை பெரிய ஆத்துமாக்கள் பட்டினி கிடக்கக் கூடாதல்லவா.

பிப்ரவரியில் இத்தியேயின் மனைவி அல்மோதி பிரசவத்தில் செத்தாள். குழந்தையும் வயிற்றோடு. அவன் பங்குச் சாமியாரிடம் போனான்.

"சாமி, அவ ஒரு நாளும் அந்தப் பாலத்து மேல கால் வச்சதில்ல."

"தெரியும்டா. நான் என்ன பண்ணட்டும்? கல்லறை மண்ணுல யாரையும் வைக்கக் கூடாதுன்னு உத்தரவு." சாமியார் தாடையைச் சொறிந்தார். "மரத்தைப் பத்தி ஒண்ணும் எழுதல."

கல்லறைச் சுவருக்கு வெளியே ஓர் ஓக் மரம். கிளைகள் சுவரைத் தாண்டி உள்ளே நீண்டிருக்கும். பெட்டியை அந்தக் கிளையில் கட்டித் தொங்கவிட்டால், மந்திரித்த மண்ணுக்கு மேலேயும் இருக்கும், மண்ணைத் தொடாமலும் இருக்கும். ஆயரும் கோபிக்க மாட்டார், ஆண்டவரும் கோபிக்க மாட்டார். அல்மோதி பத்தொன்பதாவது பெட்டி. காற்று வந்தால் கயிறு கிறீச்... கிறீச்... பிறகு ஒன்றோடு ஒன்று இடித்து டொக். வெயில் ஏறினால் வருகிற வாடை... வேண்டாம், உங்கள் கையில் இன்னும் ரொட்டி இருக்கிறது.

மந்திரித்த மண்ணில் கிடக்காதவர்களைக் கடைசி நாளின் எக்காளம் எழுப்பாது. முப்பது வருஷமாகப் பிரசங்கத்தில் இதைச் சொன்னவர்களே இப்போது மண்ணைப் பூட்டினார்கள். இத்தியேவுக்கு வேறு கவலை இல்லை. எல்லோரும் எழுந்து நிற்கிற காலையில் அவள் மட்டும் படுத்துக் கிடப்பாள் என்பதுதான். ஆற்றுக்கு அக்கரை வேறு ஆயரின் நாடு. அங்கே மணி அடித்தது. காற்று திரும்பினால் இங்கே கேட்டது. அதைக் கேட்டுக் கேட்டு, ஒரு ராத்திரி கயிற்றை அறுத்தான்.

பாதி வழியில் பின்னால் சத்தம். கிறீச்... கிறீச்... மரம் அரைக் காதம் பின்னால் இருந்தது. நின்றான். அதுவும் நின்றது. நடந்தான். இப்போது சேற்றில் வெறுங்கால்கள், பச்... பச்... ஒரு ஆள் அல்ல. ஈரக் கம்பளி நாற்றம். அவன் திரும்பவில்லை. வண்டி மட்டும் கனம் குறைந்துகொண்டே வந்தது.

துறையில் ஓடக்காரன் விளக்கைத் தூக்கிப் பிடித்தான். பாதிக் கண் தெரியாத கிழவன்.

"எத்தன பேருடா இத்தன பேரு? ஓடம் தாங்காது. பாதிப் பேரு அடுத்த தடவ வாங்க."

ஓடம் கிளம்பியபோது தண்ணீர் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நின்றது. கிழவன் வழியெல்லாம் புலம்பினான், "ஒருத்தனாவது பேசுறானா பாரு, பெரிய துரைங்க."

அக்கரைச் சாமியார் மாடிச் சன்னலைத் திறந்தார்.

"எந்தக் கரை?"

"எதுத்த கரை, சாமி. என் பெண்டாட்டி. ஒரு முழம் எடம் குடுத்தாப் போதும். காலை மடக்கிப் படுத்துக்குவா."

"உங்க ஆயர் எங்க ஆயருக்குக் கடுதாசி போட்டுட்டாருப்பா. அண்ணன் பூட்டினதத் தம்பி தொறப்பாரா? ஒரு வயித்துப் பிள்ளைங்க. போ, போ, நாய் குரைக்குது."

நாய் ஒன்றும் குரைக்கவில்லை. கல்லறை வாசலில் குப்புறப் படுத்து முனகிக்கொண்டிருந்தது. சன்னல் சாத்திக்கொண்டது.

அவளிடம் சொல்ல வேண்டுமே என்று இத்தியே பெட்டி மேல் கை வைத்தான். பெட்டி நகர்ந்தது. ஒரு கையால் தூக்கினான். மூடியைத் திறந்தான். ஒன்றுமில்லை, போர்த்திய துணிகூட இல்லை. மணலில் காலடிகள். ஓடத்துக்குத் திரும்பவில்லை. ஆற்றோரமாக மேலே, பூட்டுப் போட்ட ஆயரின் பேராலயப் பட்டணத்தை நோக்கி. முன்னால் போன தடத்தில் இடது கால் சற்று இழுத்திருந்தது. அல்மோதி அப்படித்தான் நடப்பாள்.

வெறும் பெட்டியை எடுத்துவந்து பழைய கிளையில் கட்டினான். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

கோடையில் சமாதானம் வந்தது. ஆயரும் பிரபுவும் பாலத்தின் நடுவில் முத்தமிட்டுக்கொண்டார்கள். இருவரும் ஒரே நேரத்தில் கால் வைப்பதற்காகப் பாலத்தை இரண்டு முழம் அகலப்படுத்தியிருந்தார்கள். கல் சுமந்தது யார் என்று சொல்ல வேண்டாம். மரத்தில் இருந்தவர்களை ஆயரே வந்து அடக்கம் செய்தார். பெட்டிக்கு இரண்டு பேர் போதுமாயிருந்தது. "பாருங்கள், பொறுமையுள்ள ஆத்துமா எத்தனை இலேசாகிறது" என்று ஆயர் ஒரு நாழிகை பேசினார். சுமந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"எவனாவது தொறந்து பாத்திருக்கலாம்ல?"

"ஆயர் பேசும்போதா, கோத்தியே? நீ தும்மக்கூட மாட்ட."

பத்தொன்பது வெறும் பெட்டிகளுக்கு மந்திரித்த மண் கிடைத்தது.

அந்தக் குளிர்காலம் ஆயர் விலாங்குமீன் அதிகம் சாப்பிட்டுச் செத்தார். பேராலயப் பீடத்துக்குப் பக்கத்தில், ஏழு வருஷம் செதுக்கிய அவருடைய கல்லறை தயாராயிருந்தது. மேலே அவர் உருவம், காலடியில் ஒரு சிங்கம். எட்டுப் பேர் கடப்பாறை போட்டு மூடியை நகர்த்தினார்கள்.

உள்ளே இடமில்லை.

பீப்பாயில் மத்தி அடுக்கினாற்போல் மனிதர்கள். எப்படி அத்தனை பேர் அதில் அடங்கினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். கால்கள் கிழக்கே, கைகள் மார்பில். ஒருவரும் அழுகவில்லை. மெழுகு வாசனை.

பேராலயக் குருக்கள் மூன்று நாள் விவாதித்தார்கள். பீடத்தருகே படுத்தவரைச் சட்டப்படி எழுப்ப முடியாது; பூட்டுக் காலத்தில் செத்தவர் என்றால் மட்டும் பள்ளத்தில் எறியலாம். ஆகவே பிரபுவின் நாட்டிலிருந்து ஆட்களை வரிசையாக அழைத்து வந்து அடையாளம் கேட்டார்கள். இத்தியேயின் முறை வந்தது. விளிம்பு ஓரமாக, தூங்கினாற்போல், அவள்.

"இவளத் தெரியுமா?"

"தெரியாது, ஐயா."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன், ஐயா. எங்க ஊருல இவ்வளவு அழகா யாரும் இருந்ததில்ல."

சேவல் ஒன்றும் கூவவில்லை. அவனுக்குப் பின்னால் வந்த கிழவன் தன் தாயைத் தெரியாது என்றான். அடுத்தவன் மகனை. ஊர் முழுக்க அப்படியே சொல்லிவிட்டுப் போனது.

அடையாளம் தெரியாத, அழுகாத, பீடத்தருகே கிடைத்த உடல்கள். குருக்களுக்கு அதற்குமேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. விசுவாசத்துக்காக உயிர்விட்ட பழைய காலத்து வேதசாட்சிகள் என்று அறிவித்தார்கள். பத்தொன்பது பேருக்கும் ரோமப் பெயர், ஒரு திருநாள். ஆயரை அவர்கள் எல்லோருக்கும் மேலே வைத்து, மந்தையின் மேல் மேய்ப்பர் என்று சொல்லி, மூடியை அழுத்தினார்கள். கல்லறையின் அடிப்பக்கம், தரையை ஒட்டி, யாத்திரிகர்கள் கையை விட்டுத் தொடுவதற்கு ஒரு துளை போட்டார்கள்.

இத்தியே வாராவாரம் வரிசையில் நிற்கிறான். கையை விட்டால் எடுக்கமாட்டான். காவல்காரன் உதைத்து எழுப்புவான்.

போன இலையுதிர் காலம் நானும் போனேன். முட்டிபோட்டு, முழங்கைவரை விட்டேன். குளிர். துணி. பிறகு ஒரு கை என் கையைப் பிடித்தது.

மெத்தென்ற கை. ஒரு காய்ப்பு இல்லை. விரலில் கல் வைத்த பெரிய மோதிரம். எல்லோருக்கும் மேலே வைத்த ஆயர்... இப்போது தரை மட்டத்திலிருந்து. தண்ணீரில் மூழ்குகிறவன் பிடிப்பதுபோல் பிடித்து, வெளியே எடு, வெளியே எடு என்பதுபோல் இழுத்தது. என்னால் கையை எடுக்க முடியவில்லை. பின்னால் வரிசையில் திட்டுகிறார்கள்.

அப்போது உள்ளே இன்னொரு கை வந்தது. சின்னது. கரி அள்ளிக் காய்த்த சொரசொரப்பு. அது அவசரப்படவில்லை. அந்த விரல்களை என் மணிக்கட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தது... பிரித்து, உள்ளே இழுத்துக்கொண்டது.