பால் ஒத்துக்காத பிள்ளை

என் மகன் யுகேந்திரனுக்குக் கைக்குழந்தையிலிருந்தே பால் ஒத்துக்காது, சார். ஒரு சொட்டு மேலே பட்டால்கூட உடம்பெல்லாம் தடித்துவிடும். ஏழு வயது வரைக்கும் கண்ணும் கருத்துமாய் வளர்த்திருக்கிறேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் வாலுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். சூலியா தெருவில் நாங்கள் வழக்கமாகப் போகும் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவர்களின் ஏப்ரன் கயிற்றை அவிழ்த்துவிடுவான். அப்பள டப்பாவுக்குள் கைவிட்டு நொறுக்குவான். பிள்ளை என்றால் அப்படித்தான் இருக்கும். வேலைக்கு நிற்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துப் போகக்கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடையில் சீனி முகம்மது பால் கலந்த தே தாரிக் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு குவளையைத் தலைக்கு மேலே தூக்கி, கீழே இருக்கிற குவளைக்குள் இழுத்து ஊற்றுவாரே, அந்த நேரம் பார்த்து இவன் ஓடிப்போய் முழங்கையைத் தட்டினான். "தம்பி வேணாம்லா, சுடும்" என்று அவர் முன்பே சொன்னது என் காதிலும் விழுந்தது. நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொதிக்கிற தேநீர் அவர் கையிலும் கழுத்திலும் கொட்டியது. பிள்ளைமேல் ஒரு துளி படவில்லை. அவர்தான் அவனை அப்பால் தள்ளிவிட்டார், அதை நான் மறுக்கவில்லை.

கடைக்காரம்மா ஹபீபா பீவி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, புள்ளையப் புடிச்சு வைக்கக் கூடாதா? இவரு கை போச்சுன்னா யாரு பதில் சொல்றது? போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணத்தான் போறேன்." சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

ஆயர் ஈத்தாம் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது யோசித்தேன். அவர்கள் முந்திக்கொண்டால் என் பிள்ளை பெயர் கெட்டுப்போகும். வீட்டுக்காரர் புக்கிட் தெங்காவில் வேலை முடிந்து வந்தால், "நீ எங்க இருந்த?" என்றுதான் முதலில் கேட்பார். கைப்பேசியில் இருந்தேன் என்றா சொல்வது? அந்த ஆள்தான் ஆத்திரத்தில் பிள்ளைமேல் தேநீரை வீசினார் என்று சொல்லிவிடலாம். ஆனால் வெறும் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்?

அன்றைக்கே பிள்ளையோடு இங்கே ஸ்டேஷனுக்கு வந்து சொன்னேன், நீங்கள் நம்பினீர்கள். கடைக்காரர்கள் சொன்னதைவிட, பிள்ளையின் கையிலிருந்த புண் பெரிதாகத் தெரிந்தது. கட்டுப் போட்ட கையோடு சீனி முகம்மதுவை அழைத்துவந்து உள்ளே வைத்தீர்கள். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்றைக்கு வரச் சொல்லிவிட்டு, "புள்ளையோட சட்டைக் கறையில பாலே இல்லையே, தே தாரிக்ல பால் இல்லாம எப்படிக்கா?" என்று கேட்டீர்கள். அதிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் தெரிகிறது. கதவுக்கு வெளியே யுகேந்திரன் போலீஸ்காரப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். நான் கூப்பிட்டேன், வரவில்லை. அவள் தேநீர்க் குவளையை எடுத்தபோது மட்டும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

சரி, சொல்கிறேன். வீட்டுச் சமையலறையில் நான்தான் ஊற்றினேன். "கைய நீட்டு கண்ணு" என்றேன், உடனே நீட்டினான். அம்மா சொன்னால் கேட்கிற பிள்ளை, சார். அவனைப்போய் அடங்காதவன் என்கிறார்கள். வீட்டுக்காரருக்கென்று வைத்திருந்த டின் பாலை நான் தொடவே இல்லை. பாலில்லாத வெறும் தே ஓதான் போட்டேன். பால் பட்டால் அவன் உடம்பு தாங்காது.