கமரன் என்ற பேர்

மோர்னிங்சைட் பஸ்சில் எனக்கு முன் இருக்கையில் நடுவயது ஈழத்தமிழர் இருவர், வேலை முடிந்து திரும்புகிறவர்கள்.

"அண்ணை, உந்த ரோட்டுக்கும் கமரன் எண்டு பேர், வேலையில என்ர மேலாள் போர்மனும் கமரன். அவற்ற குடும்பம்தான் இஞ்ச பெரிய ஆக்களாக்கும் எண்டு நினைச்சு, ஊரில ஆமி பிடிச்ச என்ர மகனை எடுத்துத் தரச்சொல்லிக் கேட்டிட்டன்."

மூத்தவர் சிரித்துவிட்டார். "உமக்கென்ன விசரே? உது ஸ்கொட்லாண்ட்காரற்ற பேர். இஞ்ச ஊருக்கும் ரோட்டுக்கும் உந்தப் பேருகள்தான். எல்லாரும் சொந்தமில்லை."

"அவரும் உதைத்தான் சொன்னார். அவர் இருக்கிறதும் வாடகை வீட்டிலயாம். ஆனா அவற்ற பேரப்பிள்ளையளுக்கும் அவையின்ர பிள்ளையளுக்கும் குடும்பப் பேர் கமரன் எண்டுதான் வருமாம்."

"எங்களுக்குத் தகப்பன்ர பேரோட சரி, பிள்ளைக்கு அங்கால போகாது."

"ஓம் அண்ணை. எனக்கு ஒரே பிள்ளை. என்ர பேர் அவனோட மட்டும்தான் இருக்கு."

மூத்தவர் அதன்பிறகு சிரிக்கவில்லை.