அம்சவல்லிக்காக எழுதிய மனுக்கள்

காப்பியைக் குடியுங்கள் தம்பி. ஆறினால் உப்புத் தெரியும். சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் கிணறு அப்படித்தான். இந்த ஊருக்குக் கிராம அதிகாரியாக வந்திருக்கிறீர்கள், போகப் போகப் பழகிவிடும்.

நீங்கள் கொடுத்த ரசீதைப் படித்தேன். அடங்கல், சிட்டா, புலப்படம், அளவுச் சங்கிலி ஒன்று. எல்லாம் சரி. கடைசி வரிதான் பிடிக்கவில்லை. 'தகரப் பெட்டி ஒன்று, சொந்தக் கடிதங்கள்' என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். அரசாங்கப் பட்டியலில் கேள்விக்குறி வரக் கூடாது. நான் முப்பத்தொரு வருஷம் இந்த ஊர்க் கர்ணம். எனக்கு முன்னால் என் அப்பா. இருவருமாகச் சேர்ந்து ஒரு கேள்விக்குறி போட்டதில்லை. எண்பது நவம்பரில் ஒரே அவசரச் சட்டத்தில் எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பினார்கள். வழக்கு, வாய்தா என்று இழுத்து, இப்போதுதான் பெட்டியைத் தூக்க ஆள் வந்திருக்கிறது. பரீட்சை எழுதித் தேறியவர். உங்கள் அப்பா எந்தப் பண்ணையில் இருந்தார் என்று நான் கேட்கவில்லை. அந்த நாகரிகம் எனக்கு உண்டு.

பெட்டியில் இருப்பவை கார்பன் பிரதிகள். இருபத்து மூன்று மனுக்கள். நீங்கள் ஆங்கிலம் படித்தவர், இரண்டு நாளாக வைத்துப் படித்திருக்கிறீர்கள், அதனால்தான் முகம் அப்படி இருக்கிறது. விளக்கம் கேட்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

அம்சவல்லி, என் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுத சிவசாமியின் மகள். தாயில்லாப் பெண். கட்சிப் படிப்பகத்தில் தினசரி படித்தே தமிழை நன்றாகக் கற்றுக்கொண்டவள். அந்தக் காலத்தில் இரண்டு தெருவுக்கு ஒரு படிப்பகம். ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு கொடி, இரண்டு பத்திரிகை. காலையில் அதைப் படித்துவிட்டு மாலைக்குள் உலகத்தைத் திருத்தக் கிளம்பிவிடுவார்கள்.

எழுபதில், குத்தகைதாரர் பெயர்களைப் பதிவு செய்ய ஓர் அதிகாரி வந்து பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தார். உழுகிறவன் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால் நிலத்துக்காரன் அவனை எளிதில் அசைக்க முடியாது. புதுச் சட்டம். அந்த ஆறு மாவை நானே பயிர் வைக்கிறேன் என்று சொன்னேன். பயிர்க் கணக்கான அடங்கலிலும் அப்படித்தான் இருந்தது. அடங்கல் எழுதுகிறவன் நான். அப்போது அம்சவல்லி எழுந்தாள். பத்தொன்பது வயது.

"சார், ஐயாவோட வயலுக்கு மடை எந்தப் பக்கம் இருக்குன்னு மட்டும் அவுங்கள கேளுங்க. வேற ஒண்ணும் கேக்க வேணாம்."

வாய்க்கால் தண்ணீர் வயலுக்குள் இறங்கும் வழிதான் மடை. புலப்படத்தில் அது கிழக்கே இருக்கிறது. கிழக்கு என்றேன்.

பள்ளிக்கூடமே சிரித்தது. ஐம்பத்திரண்டாம் வருஷப் புயலில் கிழக்குப் பக்கம் தூர்ந்துபோய், மடையை மேற்கே மாற்றிப் பதினெட்டு வருஷம் ஆகிறதாம். "ஐயா மேப்புலயே தண்ணி பாச்சி, மேப்புலயே அறுத்துக்கிறாரு போல" என்றான் பின்னாலிருந்து ஒருவன். அதிகாரி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். சிவசாமியின் பெயர் பதிவேட்டில் ஏறியது.

இதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். நீங்கள் வரிசையாகச் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

மறு வருஷம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இராஜாங்கம், சிறு வயதிலேயே தகப்பனோடு கப்பலேறி மலேசியாவில் லாரி ஓட்டுகிறவன். அந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கலாம் என்று சிவப்பு அட்டை வாங்கியிருந்தான். டீக்கடையில் அதை எடுத்துக் காட்டாத நாளில்லை. ஐயர் கிடையாது, அக்கினி கிடையாது, தாலியும் கிடையாது. ஒரு பந்தல், ஒரு மைக்செட். கட்சிப் பேச்சாளர் துரைராசு இரண்டு மணி நேரம் பேசினார். அதில் மணமக்களைப் பற்றி ஐந்து நிமிஷம் இருக்கும். பிறகு மாலை மாற்றிக்கொண்டார்கள். 'வாழ்க்கை ஒப்பந்தம்' என்று அச்சடித்த தாளில் இருவரும் கையெழுத்துப் போட, பதினோரு பேர் சாட்சி போட்டார்கள். எனக்கும் சர்பத் கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு மாதத்தில் அவன் நாகப்பட்டினத்தில் கப்பலேறினான். எழுபத்திரண்டில் அங்கே மனுப் போட்டான். மனைவியை வரவழைத்துத் தன்னோடு நிரந்தரமாகக் குடியமர்த்த அனுமதி வேண்டும், அவளுக்குத் தான் பொறுப்பு என்று. அந்த நாட்டு அலுவலகம் நம் கலெக்டருக்கு எழுத, அவர் தாசில்தாருக்கு அனுப்ப, அவர் எனக்கு அனுப்பினார். கேள்வி ஒன்றுதான்: இந்தத் திருமணம் உண்மையில் நடந்ததா? கடல் தாண்டிக் கிளம்பிய கேள்வி, கடைசியில் என் மேஜைக்கு வந்து நின்றது.

அவளும் வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"ஐயா, அவுங்க ஸ்பான்சர் பண்ணி எழுதிட்டாங்க. இனிமே நீங்க எழுதுறதுலதான் இருக்காம்."

"தாலி இல்லாத கல்யாணமாச்சேம்மா."

"சட்டப்படி செல்லுமுங்களே. அறுபத்தெட்டுலயே வந்துருச்சே."

"எனக்குத் தெரியும். அந்த ஊர்க்காரனுக்குத் தெரியணுமே" என்றேன். ஒப்பந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதுதான் பெட்டியின் அடியில் நீங்கள் பார்த்தது.

நான் எழுதிய அறிக்கையில் ஒரு பொய்யும் இல்லை. ஒரு பொதுக்கூட்டத்தில் இருவரும் மாலை மாற்றிக்கொண்டதாகத் தெரிகிறது என்று எழுதினேன். உண்மை. பெண்ணின் கழுத்தில் தாலி இல்லை. உண்மை. இரண்டு மாதத்துக்கு மேல் சேர்ந்து வாழவில்லை, தகப்பன் வீட்டில் இருக்கிறாள். அதுவும் உண்மை. சட்டத்தைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. திருமணம் நிரூபிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. இராஜாங்கம் அவளுக்குத் தமிழில் எழுதினான்: கர்ணத்தைப் பிடி, அத்தாட்சி அனுப்பச் சொல். ஆக, அவள் என்னிடம்தான் வந்தாக வேண்டும்.

அப்போதிலிருந்து வியாழக்கிழமை. அன்றைக்கு அவளுக்குக் கீழ்வேளூர் பக்கம் வேலை இருக்கும், போகும் வழியில் வருவாள். முதலில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு மனு, பின்னால் ஏழெட்டு மாதத்துக்கு ஒன்று. நான் ஆங்கிலத்தில் எழுதுவேன், அவள் கீழே 'அம்சவல்லி இராஜாங்கம்' என்று முழுப் பெயரையும் தமிழில் எழுதி, மை காய ஊதுவாள். தபாலில் சேர்ப்பதும் அவள்தான். கீழ்வேளூரில் தானே பதிவுத் தபாலில் போட்டு, ரசீதை மஞ்சள் பையில் வைத்துக்கொள்வாள். ஒரு கடிதத்தையும் நான் மறைக்கவில்லை, கிழிக்கவில்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

வருவது வெறுங்கையோடு இல்லை. பிஞ்சுக் கத்தரிக்காய், சில நாள் வாய்க்கால் கெண்டை. என் மனைவி நாகரத்தினம் வாங்கி வைப்பாள். "அந்தப் பொண்ணு வர்ற அன்னிக்கு மட்டும் சட்டை போட்டுக்கிட்டு உக்கார்றீங்க" என்று ஒருமுறை சொன்னாள். உத்தியோகம் பார்க்கும்போது சட்டை போடத்தான் வேண்டும். பெண்களுக்கு அது புரியாது.

எழுபத்து மூன்றில் அவளிடம் சொன்னேன்: "இங்க குத்தகை நிலம் இருக்கிற குடும்பம்னு தெரிஞ்சா, இவ எங்க நிரந்தரமா வந்து தங்கப்போறான்னு அவுங்க நினைப்பாங்கம்மா." அவளே தகப்பனிடம் பேசினாள். ஒரு வாரம் அழுதாளாம். சிவசாமி தாசில்தார் முன்னால் குத்தகையை விட்டுக்கொடுத்துக் கைநாட்டு வைத்தான். "எம் மவ போய்ச் சேர்ந்தா போதுங்கய்யா" என்றான். பதிவேட்டிலிருந்து அவன் பெயர் நீங்கியது. வயல் கைக்கு வந்ததும் முதல் வேலையாக மேற்கு மடையை அடைத்துவிட்டு, புலப்படத்தில் உள்ளபடி கிழக்கே வெட்டச் சொன்னேன். தண்ணீர் ஏறவில்லை. அது இன்றைக்கும் தரிசாகத்தான் கிடக்கிறது. ஆனால் வந்து அளந்து பாருங்கள், படத்துக்கும் வயலுக்கும் ஓர் அங்குலம் வித்தியாசம் இருக்காது.

எழுபத்தாறைப் பற்றிக் கேட்கிறீர்கள். பதினாலாவது பிரதி.

அந்த வருஷம் ஆட்சியைக் கலைத்தார்கள். படிப்பகத்துக்குப் பூட்டு விழுந்தது, துரைராசு உள்ளே போனார். அவளுக்கு ஆங்கிலம் படித்துச் சொல்ல ஊரில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. ஆடி மாதம் அந்த அலுவலகத்திலிருந்து ஒரு நீளக் கடிதம் வந்தது. அங்கே யாரோ மெனக்கெட்டு நம் சட்டத்தைத் தேடிப் படித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இத்தகைய திருமணம் செல்லும், மனு ஏற்கப்படுகிறது, மனைவி ஆறு மாதத்துக்குள் வந்து சேரலாம், வர விருப்பம்தானா என்று அவரே கையெழுத்திட்டு உறுதி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

அவள் எதிரே நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தாள். நான் இரண்டு முறை படித்தேன்.

"என்ன எழுதியிருக்காங்க ஐயா?"

"இன்னும் ஒரு கையெழுத்து கேக்குறாங்க" என்றேன். அதுவும் உண்மைதான்.

இரண்டே வரி எழுதினேன். 'எனக்கு அங்கே வந்து குடியிருக்க விருப்பமில்லை. என் பொருட்டுப் போடப்பட்ட மனுவை முடித்துவிடக் கேட்டுக்கொள்கிறேன்.' அவள் குனிந்து பார்த்தாள்.

"இந்தத் தடவ ரொம்பச் சின்னதா இருக்கே?"

"சின்னதா இருந்தாத்தான் சீக்கிரம் முடியும்."

சிரித்தாள். எழுபதில் பள்ளிக்கூடத்தில் சிரித்த அதே சிரிப்பு. பெயரை எழுதி, மை காய ஊதி, எடுத்துக்கொண்டு போனாள்.

இது பொய் என்று உங்களுக்குத் தோன்றும். நானும் யோசித்திருக்கிறேன். விருப்பம் என்கிறார்கள். அவளுக்கு மலேசியாவைப் பற்றி என்ன தெரியும்? இரண்டு மாதம் பார்த்த ஒரு லாரிக்காரனைப் பற்றித்தான் என்ன தெரியும்? தெரியாத ஒன்றை ஒருத்தி எப்படி விரும்ப முடியும்? தமிழில் படிக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு.

மூன்று மாதம் கழித்து இராஜாங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. தமிழ்தான், அவளே படித்திருந்தாள். இருந்தும் என்னிடம் கொண்டுவந்தாள். ஒரே வரி. 'உன் விருப்பம் போலவே இருந்துகொள்.'

"இதுக்கு என்னங்க ஐயா அர்த்தம்? நான் என்ன விருப்பப்பட்டேன்?"

"அலுத்துப்போயிருப்பான். ஆம்பளைங்க அப்படித்தான். நாம மனுவ விடாம போடுவோம்" என்றேன்.

அவள் அவனுக்குப் பதில் எழுதினாள். ஒன்றல்ல, ஏழெட்டு. பதில் இல்லை. அங்கே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று மலேசியா போய் வரும் கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர் மூலம் எனக்குத் தெரிய வந்தது. அவளிடம் சொல்லவில்லை. மனசு உடைந்துபோவாள். இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு ஓர் இளகிய சுபாவம் உண்டு. அடுத்த அறுப்பில் சிவசாமி இறந்தான். தன்னுடையதாக இருந்த வயலுக்கு அடுத்த வயலில், கூலிக்கு அறுத்துக்கொண்டிருந்தபோது. அந்த வியாழக்கிழமை மட்டும் அவள் வரவில்லை.

கடைசி ஒன்பது பிரதிகளில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டாம். முடிந்துபோன மனுவில் எழுத ஒன்றும் இருக்காது. ஆனால் அவள் எதிரே நிற்கும்போது பேனா நிற்கக் கூடாது. அதனால் கண்ணில் பட்டதை எழுதினேன். இன்று மழை. மனுதாரர் குடையில்லாமல் வந்தார். மனுதாரரின் வலது கையில் அரிவாள் வெட்டு, கட்டுப் போட்டிருக்கிறார். மனுதாரருக்கு நரை தெரிகிறது. ஆங்கிலத்தில் எழுதி, மேலே 'கனம் பொருந்திய ஐயா' என்று போட்டால், எல்லாம் மனுதான். அலுவலகத்திலிருந்து இப்போது பதிலே வருவதில்லை. பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

எண்பதில் என் வேலை போனபோது ஊரில் வெடி போட்டார்கள். அதற்குப் பிறகு இந்த வாசலில் யாரும் நின்று 'ஐயா' என்று கூப்பிட்டதில்லை. முன்பு ஒரு சிட்டா நகலுக்கு நாலு நாள் நடந்தவர்கள், இப்போது என்னைப் பார்த்தால் மடித்துக் கட்டிய வேட்டியைக்கூட இறக்கிவிடுவதில்லை. அவள் மட்டும் அடுத்த வியாழக்கிழமையும் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். எனக்கு அது ஒரு பொருட்டில்லை. அவளுக்குத்தான் வேறு வழியில்லை.

இதையெல்லாம் அவளிடம் சொல்லப்போவதாகச் சொல்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் வாயால் சொன்னால் நம்பமாட்டாள். எழுத்தில் இல்லாத எதையும் நம்பாதே என்று பத்து வருஷமாக நான்தான் அவளுக்குச் சொல்லி வருகிறேன். அதனால் எழுதியே கொடுங்கள், அந்த எழுபத்தாறாம் வருஷக் கடிதத்தையும் தமிழில் பெயர்த்துச் சேர்த்து. நீங்கள் தமிழில் எழுதியதை அவளே படித்துவிடுவாள். படித்துவிட்டு, ஆங்கிலத்திலும் அப்படித்தான் இருக்கிறதா என்று கேட்க, வியாழக்கிழமை காலையில் மஞ்சள் பையோடு இங்கேதான் வருவாள். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். அப்புறம் ஒரு சின்ன உதவி. கீழ்வேளூர் பக்கம் போனால் எனக்கு இரண்டு கார்பன் தாள் வாங்கி வாருங்கள். இருந்தது தீர்ந்துவிட்டது, நாளை மறுநாள் வியாழக்கிழமை.