மேல் பஞ்சமம்

ஹலோ... பார்கவிதான் பேசறேன், கனகவல்லி மாமி. சொல்லுங்கோ... வாகட்ல, எங்காத்துலதான் இருக்கேன்... ஆமா, ஆமா. சாயங்காலம் ஔந்த் சபால உங்க கச்சேரி. அதை மறப்பேனா?

யாருக்கு? உங்க பொண்ணு ஸ்ரீலக்ஷ்மிக்கா?... அடடா. பேச்சே வரலையா? பால்ல மிளகு போட்டுக் குடுத்தேளா?... ம்... பாவம்.

அவளுக்குப் பதிலா நானா? மறுபடியும் உங்க பின்னாடி உக்காந்து பாடணுமா?... இருங்கோ, குக்கரை அணைச்சுட்டு வரேன்.

...ம், இப்போ சொல்லுங்கோ.

ஏன், உங்க சிஷ்யன் அனிருத் இருக்கானே?... ஆமா, ஆம்பளைக் குரல், சேராது... அம்ருதாவுக்கு மேல எட்டாது. ஆமா, ஆமா. உங்களுக்கும்தான் எட்டாது மாமி.

இல்லையே, தப்பா ஒண்ணும் சொல்லலையே? மேல் பஞ்சமம், அந்த உச்ச ஸ்வரம் வந்தா இடது கையால புடவைத் தலைப்பைச் சரிபண்ணுவேள். உடனே நான் பின்னாடியிருந்து பிடிப்பேன். நீங்க கண்ணை மூடிண்டு வாயைத் திறந்துண்டிருப்பேள். 'இந்த வயசுலயும் என்ன குரல்!'னு எல்லாரும் கைதட்டுவா...

கத்தாதீங்கோ மாமி. சாயங்காலம் பாடணும்.

போன வருஷம் சபா செகரட்டரி முகுந்த் சார் எனக்கு ஒரு தனிக் கச்சேரி குடுக்கறதா இருந்தார். 'பார்கவிக்கு இன்னும் பக்குவம் வரலை'ன்னு அவர்கிட்ட சொன்னது யாரு?... கடைசில அந்த மேடைல உங்க பொண்ணுதானே உக்காந்தா?... இல்லை, ஸ்ரீலக்ஷ்மிக்காக மட்டும் இல்லை. நான் தனியாப் பாடினா, அந்தக் குரல் யாரோடதுன்னு தெரிஞ்சுடும். அதான்.

ம்... ம்... அடுத்த சீசன்ல வாங்கித் தரேளா? வேண்டாம் மாமி. இன்னும் பக்குவம் வரலையே.

என்ன? பல்லவியை மாத்தறதா? அழைப்பிதழ்லயே போட்டாச்சே, மேல் பஞ்சமம் வர்ற அந்தக் கல்யாணி பல்லவின்னு... முகுந்த் சார் தானாப் போடலை. 'உன் குருவுக்கு ரொம்பப் பேர் வாங்கித் தந்தது எது?'ன்னு என்னைத்தான் கேட்டார். சொன்னேன்... ஆமா, நான்தான். உண்மையைத்தானே சொன்னேன்?

சுருதியைக் குறைச்சுக்கோங்கோ... ஆமா, கண்டுபிடிச்சுடுவா. இத்தனை வருஷமாக் கேக்கறவாளாச்சே.

ஹலோ?... மாமி, அழறேளா?

ஐயோ, வரமாட்டேன்னு யார் சொன்னா? வரேன். அரக்குப் பட்டுப்புடவையைக்கூட எடுத்து வெச்சாச்சு... சத்தியமா வரேன். காரெல்லாம் அனுப்ப வேண்டாம், ரிக்‌ஷால வந்துடறேன்... பரவாயில்லை, பரவாயில்லை, எதுக்கு தாங்க்ஸெல்லாம்...

மேடைக்கா? இல்லையே. முதல் வரிசைக்கு. நடு நாற்காலி. முகுந்த் சார் எடுத்து வெச்சிருக்கார்.

பல்லவில மேல் பஞ்சமம் வரும்போது தலைப்பைச் சரிபண்ணுங்கோ மாமி. எதிர்ல உக்காந்துண்டு நானும் சரிபண்ணிக்கறேன்.

வெச்சுடறேன்.