கவிழ்த்த பாட்டில்

தாம்பரத்தில் ரயில் கிளம்பியதுமே எதிர் சீட்டுப் பெண் தோழியிடம் சொன்னாள்: "இத்தனை மாசம் பாசமா கலக்கினேன் பாரு, அதான்டி தப்பு." இருவர் கழுத்திலும் கல்லூரி அடையாள அட்டை தொங்கியது.

"எதை?"

"என் லேப் ப்ராஜெக்ட் ஜெல்லைத்தான். தண்ணில மிதக்கிற தூள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெட்டியாகணும். உடைஞ்சிடுமோன்னு பயந்து மெதுவாவே கலக்குவேன். அங்கங்க பெரிய கட்டியா சேர்ந்துக்கும், நடுவுல வெறும் தண்ணி நிக்கும்."

"இன்னைக்கு?"

"கலக்குற மெஷினைக் கழுவ ஃபுல் ஸ்பீடு வெச்சிருந்தேன். குறைக்க மறந்து சாம்பிளை ஊத்திட்டேன். கட்டியெல்லாம் உடைஞ்சு பொடிப்பொடியாயிடுச்சு. போச்சுடான்னு ஆஃப் பண்ணி, பாட்டில்ல ஊத்தி வெச்சிட்டு சாப்பிடப் போனேன். வந்து பார்த்தா, அந்தப் பொடியெல்லாம் பாட்டில் முழுக்க ஒரே சீரா கைகோத்து நிக்குதுடி."

"சும்மா சொல்லாத."

அவள் பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்து, தோழியின் வெள்ளைச் சுடிதாருக்கு நேர்மேலே கவிழ்த்துப் பிடித்தாள். பெருங்களத்தூரில் ரயில் குலுங்கி நின்றது. ஒரு சொட்டுகூட விழவில்லை.

"நம்பிட்டேன், மூடித் தொலைடி."

"இரு, அடுத்த ஸ்டேஷன் வண்டலூரும் வரட்டும்."